நம் சங்கத்தின் ஆண்டறிக்கை: சதவீதத்துக்குள் வராத மேடு பள்ளம்

தலைவர் அவர்களுக்கும், நம் நீலகிரியின் கூடலூர், பந்தலூர் பக்கமிருந்து மழையோடு மழையாக வந்து சேர்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், அவர்களுக்குத் துணையாக வந்திருக்கும் வீட்டாருக்கும் வணக்கம்.

நிர்வாக விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு தவறாமல் கூடியது. டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்தைப் பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டியோடு கொண்டாடினோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி இருப்பவர்கள் போவதற்கு முன் அவரைப் பார்த்துவிடவும்.

மற்றபடி இந்த ஆண்டு நம்மை உட்கார விடாமல் வைத்திருந்தது ஒரே கேள்விதான்: "எத்தனை பர்சன்ட் போட்டாங்க?" குறைபாடு எத்தனை சதவீதம் என்று டாக்டர் அளந்து சான்றிதழ் தரும் முகாமுக்குப் போய்த் திரும்புகிற ஒவ்வொருவரிடமும் நாம் முதலில் கேட்பது இதைத்தான். உதவித்தொகை யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதை அந்த ஓர் எண்தான் தீர்மானிக்கிறது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் அமலில் இருக்கிறது. பழைய 1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, இதில் 21. அரசு வேலையில் இட ஒதுக்கீடும் 3 சதவீதத்திலிருந்து 4 ஆனது. இதெல்லாம் போராடிப் பெற்றது, சந்தோஷம். ஆனால் பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைபாடு 40 சதவீதமாவது இருக்க வேண்டும். நம் மாநிலம் தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு, அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு போன்றவற்றுக்கு 40 போதும். கை கால் பாதிப்பு என்றால் 75 வேண்டும். மத்திய அரசின் ஓய்வூதியத்துக்கு 80 சதவீதமும் வேண்டும், வறுமைக்கோட்டுக்குக் கீழும் இருக்க வேண்டும். அத்தனையும் இருந்தாலும் மத்திய அரசின் பங்கு 300 ரூபாய்தான்.

நம் உறுப்பினர் ஒருவர், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். சரிவில் விழுந்து கணுக்கால் உடைந்து, கோணலாகவே கூடிவிட்டது. முகாமுக்கு நானும் கூடப் போயிருந்தேன். டாக்டர் அவரை உட்கார வைத்து, பாதத்தை மேலும் கீழும் மடக்கி, கோணமானியை வைத்து அளந்தார். பிறகு நடந்து காட்டச் சொன்னார். மண்டபத்தின் வழவழப்பான மொசைக் தரையில் அந்த அம்மா சுவரோரமாகவே கொஞ்சம் சாய்ந்து நடந்தார். 40-க்குச் சற்றுக் கீழே ஓர் எண் விழுந்தது. டாக்டர் மேல் குற்றமில்லை. மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது என்று பார்க்கச் சொல்லித்தான் அவருக்கு வழிகாட்டு நெறி இருக்கிறது. ஆனால் அந்தக் கால் பிழைப்பு நடத்துவது மொசைக் தரையில் இல்லை. ஈரமான சரிவில் செடிக்குச் செடி கால் ஊன்ற வேண்டும், கொழுந்து மூட்டையைச் சுமந்து எடை போடும் இடத்துக்கு ஏற வேண்டும், சாயங்காலம் லைன் வீட்டுக்கு, அதாவது தோட்டத்தின் வரிசைக் குடியிருப்புக்கு, பாசி பிடித்த படிகளில் இறங்க வேண்டும். சமவெளியில் இதே காலோடு ஒருவர் தையல் கடையில் உட்கார்ந்து சம்பாதித்துவிடலாம். இங்கே அந்த அம்மாவுக்கு வேலையே போய்விட்டது. காகிதத்தில் இரண்டு பேருக்கும் ஒரே எண்.

இதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது என்பதை உறுப்பினர்கள் கவனிக்க வேண்டும். நீண்டகாலக் குறைபாடு உள்ள ஒருவர், சுற்றியுள்ள தடைகளால் மற்றவர்களுக்குச் சமமாகச் சமூகத்தில் பங்குபெற முடியாமல் போனால் அவரே மாற்றுத்திறனாளி என்றுதான் அதன் விளக்கம் சொல்கிறது. உடம்பை அளக்கிறோம், சரி. தடையை யார் அளப்பது? தேவாலாவில் நம் உறுப்பினருக்குக் கிடைத்த கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டி முற்றத்தில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கிறது. அவர் வீட்டிலிருந்து ரோட்டுக்கு வரும் ஏற்றத்தில் அதை யாராலும் ஓட்ட முடியாது.

அப்புறம், அரிவாள் செல் சோகை: ரத்த அணுக்கள் அரிவாள் போல வளைந்து கடும் வலி தரும் பரம்பரை நோய். நம் பக்கத்துப் பழங்குடி வீடுகளுக்கு இது புதிதல்ல. இந்தியாவில் இந்நோயின் மரபுக்கூறு முதன்முதலில் மருத்துவ உலகுக்குத் தெரியவந்ததே 1952-இல், நம் நீலகிரிப் பழங்குடியினரின் ரத்தத்தைப் பரிசோதித்தபோதுதான். சட்டத்தின் அந்த 21 வகையில் இதுவும் இருக்கிறது. ஆனால் வேலை ஒதுக்கீட்டுக்கான அதன் 34-ஆம் பிரிவில் ரத்த நோய்களுக்கு இடமில்லை. இந்த வலி நாள் பார்த்து வருவதில்லை. முகாம் நாளில் இந்நோயுள்ள பையன் சிரித்துக்கொண்டு நிற்பான். அடுத்த வாரம் மூட்டெல்லாம் வலித்து, ஊசிமலை, நடுவட்டம் ஏறி உதகைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். மனநோய் உள்ளவர்கள் கதையும் ஏறக்குறைய இதுதான். ஒரு நாள் பார்வையை வைத்து இவர்களுக்கு எண் போடுவது நியாயமே இல்லை.

செயற்குழுவில் எதிர்க்கருத்தும் வந்தது. வரம்பைத் தளர்த்தினால் போலிச் சான்றிதழ் பெருகும், படுத்த படுக்கையாக இருப்பவர்களின் பங்கு குறையும் என்று மூத்த உறுப்பினர்கள் சொன்னார்கள். மகனை இருபது வயதிலும் தூக்கிக் குளிப்பாட்டுகிற தாய் அந்தக் கூட்டத்தில் இருந்தார். அவர் முன்னால் அந்தப் பயத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கு முதலிடம், அதில் யாருக்கும் மறுபேச்சில்லை. ஆனால் 39 என்றால் ஒன்றுமில்லை, 40 என்றால் கதவு திறக்கும் என்பது சரியான வழி ஆகாது. தொகையைப் படிப்படியாக வைக்கலாம். தேர்வு எழுதுவதற்குத் துணையாள் கேட்க 40 சதவீதம் கட்டாயமில்லை என்று 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. தேர்வறைக்குப் பொருந்துகிற நியாயம் தேயிலைக் காட்டுக்கும் பொருந்த வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

விவாதத்துக்குப் பிறகு ஒருமனதாகத் தீர்மானம் போட்டோம். மலைப்பகுதிகளில் டாக்டரின் சதவீதத்தோடு, விண்ணப்பதாரர் வீடு இருக்கும் இடம், செய்யும் வேலை, வீட்டில் துணைக்கு ஆள் உண்டா என்பது பற்றிய நேரடி விசாரணை அறிக்கையையும் சேர்த்தே உதவித்தொகையை முடிவு செய்ய வேண்டும். விட்டுவிட்டு வரும் நோய்களுக்கு ஓராண்டு சிகிச்சைப் பதிவுகளைக் கணக்கில் எடுக்க வேண்டும். மருத்துவக் குழு பந்தலூருக்கும் வந்து உட்கார வேண்டும். நடக்க முடியாதவரைத்தான் உதகைக்கு வரச் சொல்கிறோம் என்பதை அதிகாரிகள் யோசிக்க வேண்டும். மனுவை மாவட்ட ஆட்சியருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கும் அனுப்பியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை, விடப் போவதுமில்லை.

மனுவோடு இணைக்க ஆதாரம் வேண்டும். ரத்தம் ஏற்றிய சீட்டு, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் காகிதம், வேலையிலிருந்து நிறுத்திய கடிதம், எது இருந்தாலும் நகல் எடுத்துக் கூட்டம் முடிந்ததும் என்னிடம் கொடுங்கள். ரோட்டிலிருந்து வீட்டுக்குப் போகும் பாதையைப் போனில் படம் பிடித்து அனுப்பினால் இன்னும் நல்லது. எழுதத் தெரியாதவர்களுக்கு நம் இளைஞர்கள் வீட்டுக்கே வந்து எழுதித் தருவார்கள்.

இப்படிக்கு,
செயலாளர்