முழுக்கு எடுத்த நண்பனுக்கு

அன்புள்ள மாப்ளே,

உன் மெயில் வந்து நாளாச்சு, பதில் போடத்தான் முடியவில்லை. சின்னவளுக்கு பி.எட். சீட்டுக்காக ஒரு அலைச்சல், அது முடிவதற்குள் வீட்டம்மாவுக்கு மூட்டு வலி, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக நடை. இப்போது பரவாயில்லை. மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அவள் ஏறிக்கொண்டுதான் இருக்கிறாள்.

நீ நம்ம சபையை விட்டு வேறு சபைக்குப் போய், தண்ணீரில் முழுகி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்த விஷயம் உன் மெயிலுக்கு முன்னாலேயே உன் தங்கச்சி மூலம் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து முழுக்கக் கறி தின்னாமல் இருந்துவிட்டு ஈஸ்டர் அன்று விடியுமுன்னே கறிக்கடையில் வரிசை கட்டுவதுதான் நம்ம சபை பக்தி என்று எழுதியிருந்தாயே, அதில் பாதியை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தால்தான் 40, கழிக்காவிட்டால் 46 என்று நாள் கணக்குப் பார்ப்பதில் இருக்கிற கவனம் நமக்கு வேறெதிலும் இருப்பதில்லை.

இது நம்ம சபைக்கு மட்டும் உள்ள வியாதியும் இல்லை. வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயில் உனக்கு ஞாபகம் இருக்கும், கால்சட்டைக் கோயில் என்று பேர் வாங்கியதே, அதுதான். 1872-ல் கட்டியது. இரண்டு நீள மண்டபம், இரண்டும் பீடத்தில் வந்து சேரும், நடுவில் சுவர். வெள்ளாளர் ஒரு பக்கம், நாடார் ஒரு பக்கம். ஒரே குருவானவர், ஒரே பூசை, ஒரே அப்பம், பக்கத்தில் இருப்பவன் முகம் மட்டும் தெரியக்கூடாது! பூசை முறையில் ஒரு குறை சொல்ல முடியாது, ஒழுங்காக நடந்திருக்கும், பாட்டும் நன்றாகவே பாடியிருப்பார்கள். 1910-ல் சுவரை இடித்த பிறகு, அது எங்கள் உரிமை என்று வெள்ளாளர் வழக்குப் போட்டு சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். திவ்விய நற்கருணை வாங்கிய அதே ஜனம்தான் சுவரைத் திரும்பக் கேட்டு வக்கீல் வைத்தது என்பதை யோசித்துப் பார்.

ஆனால் நீ அடுத்து எழுதியதில்தான் எனக்குச் சண்டை. சடங்கை விட்டு வெளியே வந்துவிட்டேன் என்கிறாய். மாப்ளே, உங்கள் பக்கமும் சடங்கு இருக்கிறது, புத்தகத்தில் அச்சடிக்கவில்லை, அவ்வளவுதான். எந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டீர்கள் என்று கேட்பது, நகையைக் கழற்றுவது, சாட்சி சொல்ல எழுந்ததும் எல்லோருக்கும் ஒரே மாதிரி குரல் நடுங்குவது, இதெல்லாம் வேறென்ன? சொந்தக்காரர் வீட்டுக் குழந்தையை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கிற பிள்ளைப் பிரதிஷ்டைக்கு உன்னுடையது மாதிரி ஒரு சபைக்குப் போயிருந்தேன். ஒருத்தர் குடியை விட்டது, சிகரெட்டை விட்டது எல்லாம் தேதியோடு சொன்னார். நல்ல காரியம்தான். ஆனால் அவரிடம் சீட்டுப் பணம் கட்டி ஏமாந்தவர்கள் ரெண்டு பேரை எனக்குத் தெரியும், அந்தப் பேச்சே சாட்சியில் வரவில்லை.

இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய வரி வசூல்காரன் சகேயு கதையை எடுத்துக்கொள். சண்டே ஸ்கூல் நாடகம் முழுக்க அவன் குள்ளமும் அந்தக் காட்டத்தி மரமும்தான், ஒரு பொடியனை ஸ்டூல் மேல் ஏற்றிவிட்டால் முடிந்தது. அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று அவன் போட்ட கணக்கை யாரும் பிரசங்கிப்பதே இல்லை. தானாக அறிக்கை பண்ணித் திருப்பிக் கொடுப்பவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்று எண்ணாகமம் 5-ல் இருக்கிறது. ஆட்டைத் திருடி அடித்தவனோ விற்றவனோதான் ஒன்றுக்கு நாலாகக் கொடுக்க வேண்டும், அது யாத்திராகமம் 22. சகேயு கையில் எடுத்தது திருடனுக்குள்ள கணக்கை, அதற்கு முன்னால் ஆஸ்தியில் பாதி வேறு ஏழைகளுக்கு. இதைச் சொல்லி முடித்த பிறகுதான் இயேசு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்கிறார்.

நம்ம ஊரில் இந்த வருஷம் ஒரு காரியம் நடந்தது. உனக்கும் தெரிந்த ஆள்தான், பேர் வேண்டாம். தம்பியோடு நில எல்லைத் தகராறு, பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. பெரிய பக்திமான் என்றும் சொல்ல முடியாது, ரெண்டாவது பாட்டு பாடும்போதுதான் கோயிலுக்குள் வருவார். நற்கருணை கொடுக்கிற திருவிருந்து ஞாயிறுக்கு முந்தின நாள் சர்வேயரைக் கூட்டிவந்து, சங்கிலி பிடித்து அளந்து, தன் கையாலேயே கடப்பாரை போட்டுக் கல்லைப் பிடுங்கித் தன் பக்கமாகத் தள்ளி நட்டார். பழைய குழி அப்படியே கிடந்தது, தம்பி கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் மகனைக் கூப்பிட்டு, பெரியப்பாவுக்கும் சர்வேயருக்கும் டீ வாங்கி வரச் சொன்னான்.

என்ன அண்ணாச்சி திடீர்னு என்று அப்புறம் கேட்டேன். "பாவ அறிக்கை சொல்லும்போது அவன் ரெண்டு பெஞ்சுக்கு முன்னாலதான் இருக்கான். அவன் பிடரியப் பாத்துக்கிட்டே எத்தன நாளைக்குடே சொல்ல?" என்றார்.

நீ வெறும் சடங்கு என்கிற அதே பாவ அறிக்கைதான். வாரா வாரம் வாயால் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோனதுதான். ஆயிரம் பேர் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் மத்தியானம் தூங்குகிறோம், ஒருத்தரை அது போட்டு உறுத்தியிருக்கிறது. அதனால் அதை ஒரேயடியாகத் தூக்கிப்போட எனக்கு மனசு வரவில்லை.

சரி, கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துக் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. முழுக்கு எடுத்த பிறகு உன் அண்ணனிடம் பேசினாயா? அப்பா வீட்டுப் பாகம் அப்படியேதான் கிடக்கிறதா? போன மாதம் அவரைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன், ரொம்ப இளைத்துப் போயிருக்கிறார். உன்னைப் பற்றி அவராகவேதான் விசாரித்தார்.

கிறிஸ்துமஸுக்கு வருவதாக இருந்தால் டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு, கடைசி நேரத்தில் நெல்லை வண்டியில் இடம் கிடைக்காது. நம்ம வீட்டிலேயே தங்கலாம், கீழ் ரூம் காலியாகத்தான் இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி