ஜிம்போச்சோவைப் பகலில் காட்டுங்கள்: பயண நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். ஏப்ரல் மாதக் குழுவுக்கு டோக்கியோவில் நேர்ந்ததை வழிகாட்டி உங்களிடம் சொல்லியிருப்பார். முழுக் கதையையும் இங்கே விரிக்கவில்லை. பழைய புத்தகக் கடைகளும் மாணவர் கூட்டமும் நிறைந்த பகுதி என்று உங்கள் கையேடு ஒரு முழுப் பக்கத்துக்குப் புகழ்ந்த கண்டா ஜிம்போச்சோவில், ஞாயிற்றுக்கிழமை மாலை, கடையடைக்கும் வேளையில் எங்களை இறக்கிவிட்டீர்கள். அங்குள்ள நூற்றுக்கும் மேற்பட்ட கடைகளில் பல ஞாயிறன்று திறப்பதே இல்லை. மற்ற நாள்களிலும் மாலை ஆறு, ஆறரைக்கெல்லாம் பல கடைகள் கதவைச் சாத்திவிடும்.

எங்களுடன் வந்த பெரியவர் ஒருவர் சிவகாசியில் அச்சுத் தொழிலிலேயே வாழ்நாளைக் கழித்தவர். மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட பழைய ஜப்பானியப் படங்களைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே பணம் கட்டியிருந்தார். பூட்டிய கடைக்குள் தொங்கிய ஒரு படத்துக்கு எத்தனை கட்டைகள் தேவைப்பட்டிருக்கும் என்று கண்ணாடிமேல் விரல் வைத்து நிறம் நிறமாக அவர் எண்ணிக்கொண்டிருந்தபோதே, பேருந்து புறப்படுவதாக உங்கள் ஆள் குரல் கொடுத்தார். பக்கத்துக் கடைக்காரர் நூறு யென் புத்தகங்கள் அடுக்கிய வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: ஜிம்போச்சோவை வார நாளின் பகல் பொழுதுக்கு மாற்றுங்கள், அரை நாளாவது ஒதுக்குங்கள்.

1880களில் அந்த வட்டாரத்தில் தோன்றிய சட்டப் பள்ளிகளே பின்னாளில் மெய்ஜி, சூவோ முதலிய பல்கலைக்கழகங்களாயின. அம்மாணவர்கள் படித்து முடித்த நூல்களை விற்கவும் வேண்டியவற்றை மலிவாக வாங்கவும் வந்ததால் வளர்ந்த கடைத்தெரு அது. 1913இல் அந்த வட்டாரம் பெருந்தீயில் எரிந்த அதே ஆண்டில் அங்கே பழைய புத்தகக் கடையாகத் தொடங்கியதுதான், இன்று பெரும் பதிப்பகமாக விளங்கும் இவானாமி. அங்குள்ள யாசுகுனி சாலையின் தென்புறத்தில் கடைகள் வரிசையாக வடக்கு பார்த்து நிற்பதுகூட, வெயில் பட்டு நூல்கள் வெளுக்காமல் இருப்பதற்காகத்தான். இதையெல்லாம் சொல்ல வழிகாட்டிக்கு நேரமில்லை. அன்று காலை நினைவுப் பொருள் அங்காடியில் மட்டும் எங்களுக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தது. சாவிக்கொத்துகளின் வரலாறு அதைவிட ஆழமானது போலும். அங்காடி உங்களுக்குத் தரும் கழிவுத்தொகையைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். 1960 முதல் அங்கே இலையுதிர்காலத்தில் பழைய புத்தகத் திருவிழா நடந்துவருகிறது. நடைபாதை நெடுக நூல்களை அடுக்கிவைப்பார்கள். அடுத்த குழுவை அக்டோபர் இறுதியில் அனுப்புவதாக இருந்தால் அதையும் கருத்தில் கொள்ளுங்கள். எப்போது அனுப்பினாலும் பகலில், அரை நாள். புதிய பயணத் திட்டத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் இம்மாற்றத்தை எழுத்துமூலம் உறுதிசெய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஏப்ரல் குழுவின் பயணிகள் சார்பில் ஒருவர்