பாட்டைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்

சிகாகோவில் குடும்பங்களுக்காக அமெரிக்க நாட்டார் இசை நிகழ்ச்சி நடத்தும் அன்பர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உங்கள் நிகழ்ச்சிகளுக்கு வருகிறவர்களில் நானும் ஒருத்தி. பாஞ்சோ, ஃபிடில், கிடார் எல்லாம் அருமையாக வாசிக்கிறீர்கள். ஆனால் ஒலிபெருக்கிச் சத்தம் ஏற ஏற, பிள்ளைகள் வாய் திறப்பது குறைந்துகொண்டே போகிறது. உட்கார்ந்து பார்க்கிறார்கள், கைதட்டுகிறார்கள், கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் வருத்தம்.

பிள்ளைகளுக்கான பாட்டுகளால் புகழ்பெற்ற பாடகி எலா ஜென்கின்ஸ் உங்கள் ஊர்க்காரர். நகரின் தென்பகுதியில், கறுப்பினப் பிள்ளைகள் கயிறு தாண்டியும் கைதட்டியும் பாடிய விளையாட்டுப் பாட்டுகளோடு வளர்ந்தவர். மாமா வாசித்த ஹார்மோனிகாவில் ப்ளூஸ் என்னும் கறுப்பின மக்களின் இசையைக் கேட்டுப் பழகியவர். 1957இல் ஃபோக்வேஸ் என்னும் இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட அவருடைய முதல் இசைத்தட்டே, ஒருவர் ஓர் அடி பாட மற்றவர்கள் பதில் பாடும் முறையில் அமைந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் வயலிலும் வழிபாட்டிலும் விடாமல் காத்த முறை அது. அதில் பதில் பாட ஆள் இல்லையென்றால் பாட்டே இல்லை. 2024 நவம்பரில், நூறு வயதில், அவர் மறைந்தார். அவர் பெயரை உங்கள் மேடையில் நான் இன்னும் கேட்கவில்லை.

இசையமைப்பாளர் ரூத் கிராஃபோர்ட் சீகரும் பாட்டைப் பிள்ளைகளிடம் கொடுக்கத்தான் சொன்னார். மேரிலாந்தில், பெற்றோர்களே சேர்ந்து நடத்திய ஒரு மழலையர் பள்ளிக்காக நாட்டார் பாட்டுகளைத் தேடி எடுத்து, 1948இல் நூலாக்கினார். பாட்டில் பிள்ளையின் பெயரைச் செருகலாம், அடிகளை மாற்றலாம் என்று அவரே ஊக்கப்படுத்தினார்.

அப்புறம், நாட்டார் பாடகி எலிசபெத் காட்டன். வட கரோலினாவில் பிறந்த கறுப்பினப் பெண். இடதுகைப் பழக்கம் என்பதால் கிடாரைத் திருப்பிப் பிடித்து வாசித்தார். சரக்கு ரயிலைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற பாட்டு, அவர் சிறுமியாக இருந்தபோது கட்டியது. அதை நீங்கள் பாடும்போது, "இது உங்களைப் போல ஒரு சின்னப் பெண் கட்டிய பாட்டு" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். எத்தனை பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்!

நான் கேட்பது செலவு வைக்கும் காரியம் இல்லை. சத்தத்தைக் குறையுங்கள். முடிந்தால் மேடையிலிருந்து இறங்கி, பிள்ளைகள் நடுவே உட்காருங்கள். ஓர் அடி பாடிவிட்டுக் காத்திருங்கள். முதல் தடவை யாரும் பதில் பாடாமல் போகலாம், இரண்டாவது தடவை பாடுவார்கள். பத்துப் பாட்டு பாடுகிற நேரத்தில் நான்கு பாட்டு போதும். பெற்றோர் நாங்களும் சேர்ந்து பாடுகிறோம்.

அன்புடன்,
சிகாகோவில் வாழும் ஒரு தமிழ்த் தாய்