கான்ஸ்டன்டைனுக்கு வயசாகட்டும், விடுங்க: டிசி எடிட்டருங்களுக்கு ஒரு திறந்த மடல்

டிசி காமிக்ஸ் ஆசிரியர் குழுவுல இருக்கற எல்லாருக்கும் வணக்கம்.

உங்கள்ல யாரும் இத தமிழ்ல படிக்கப்போறதில்லன்னு தெரியும். இருந்தாலும் தமிழ்லயே எழுதறேன், ஏன்னா இங்கிலீஷ்ல எழுதுனா நான் ரொம்ப டீசன்ட்டாயிடுவேன், உங்க காமிக்ஸ்ல வர்ற மந்திரவாதி ஜான் கான்ஸ்டன்டைன பத்தி டீசன்ட்டா எழுதறது அந்தாளுக்கே புடிக்காது.

காலேஜ் ஹாஸ்டல்ல ஒரு சீனியர் பென்டிரைவ்ல குடுத்தப்பதான் ஹெல்பிளேசர்ங்கற கான்ஸ்டன்டைனோட காமிக்ஸ் தொடர் எனக்கு பழக்கம் (திருட்டு காப்பின்னு கோச்சுக்காதீங்க, வேலைக்கு போனப்புறம் ஒவ்வொரு தொகுப்பா காசு குடுத்து வாங்கி அந்த பாவத்த கழிச்சாச்சு). எடுத்ததும் படிச்சது 1991ல கார்த் என்னிஸ் எழுதுன லங் கேன்சர் கதை, 41வது இதழ்லேர்ந்து 46 வரைக்கும். சில்க் கட் சிகரெட்டா ஊதித்தள்ளுன ஆளுக்கு கேன்சர் வராம வேற என்ன வரும். அதுல ஒரு சீன் இருக்கு. அயர்லாந்துல பிரெண்டன்னு ஒரு குடிகார ஃபிரெண்டு, அவனும் சாகக் கெடக்கறான், வீட்டுக்கு அடியில புனித நீர் ஊத்து ஒண்ணு வச்சிருக்கான், அத மந்திரத்தால பீராக்கி வச்சிருக்கான். ராத்திரி பன்னண்டு மணிக்கு பிரெண்டனோட ஆத்மாவ எடுத்துட்டுப்போக சாத்தானே நேர்ல வர்றான். கான்ஸ்டன்டைன் பயப்படாம ஒரு கிளாஸ ஊத்தி கையில குடுக்கறான், பெருசு கெத்தா குடிக்குது, குடிச்சு முடிச்சதும் மந்திரம் கலையுது, வயித்துக்குள்ள போன பீரு மறுபடி புனித நீரா மாறுது. அவ்ளோதான். அந்த பக்கத்த பாத்துட்டு ராத்திரி ரெண்டு மணிக்கு நான் விசிலடிச்சு வார்டன்கிட்ட திட்டு வாங்குனேன்.

கடைசில அதைவிட பெருசா ஒண்ணு செய்வான். நரகத்த மூணு பேரு ஆள்றானுங்க, ஒருத்தனுக்கு ஏற்கனவே இவன் ஆத்மா மேல கண்ணு, மத்த ரெண்டு பேருகிட்டயும் ஒருத்தனுக்கு தெரியாம ஒருத்தன்கிட்ட அதே ஆத்மாவ வித்துட்டு சாகப்போயிடறான். செத்தான்னா மூணு பேருக்கும் சண்ட, சண்ட வந்தா நரகமே காலி. வேற வழியில்லாம அவனுங்களே இவன் நுரையீரல சுத்தம் பண்ணி எழுப்பி விடறானுங்க, இவன் நடுவெரல காட்டிட்டு போறான். காரியம் ஆகணும்னா கழுதை காலையும் புடிங்கறது நம்ம ஊர் பழமொழி, இவன் கழுதைய மூணு பேருக்கு வித்துட்டு அதுமேலயே ஏறி வீட்டுக்கு வந்துருவான்.

அப்ப எனக்கு வயசு பத்தொம்போது. சூப்பர்மேன மாதிரி பறக்க ஆசப்பட்டதில்ல, இவன மாதிரி வாயால தப்பிக்கணும்னு ஆசப்பட்டேன். கசங்குன ட்ரெஞ்ச் கோட்டு, லிவர்பூல்காரன் நக்கலு, பாக்கெட்ல காசில்ல ஆனா சாத்தானுக்கே கடன் சொல்ற திமிரு.

அப்பறம்தான் மொதல்லேர்ந்து வரிசையா படிச்சேன், அதான் வம்பாப்போச்சு.

1988, ஜேமி டெலானோ எழுத்து, ஜான் ரிட்ஜ்வே படம், மொத ரெண்டு இதழ். கேரி லெஸ்டர்னு பழைய ஃபிரெண்டு, போதை ஊசிக்கு அடிமையானவன், எங்கயோ போய் ஒரு பசிப்பேய புடிச்சு பாட்டில்ல அடைச்சு, அது தப்பிச்சு நியூயார்க்ல ஆட்டம் போடுது. அத அடைக்க ஒரு மனுஷ ஒடம்பு வேணும். கான்ஸ்டன்டைன் என்ன பண்றான்னா, தன்ன நம்பி வந்த கேரியவே கூட்டிட்டுப்போயி அந்த பேயோட பூட்டிடறான். வேற வழியில்லதான், ஊரே செத்திருக்கும், எல்லாம் சரி, ஆனா கேரிகிட்ட அவன் கேக்கவேயில்ல. அந்த கதைய முடிச்சுட்டு லேப்டாப்ப மூடி வச்சுட்டேன். அதுக்கப்பறம் இவன் தந்திரம் பண்றப்பல்லாம் எனக்கு விசில் வர்றதில்ல, இந்த தடவ யாரு தலையில விடியப்போவுதோன்னுதான் பாக்கறேன்.

நியூகேசில்ங்கற ஊர்ல நடந்த கதை இன்னும் மோசம். 1978, இருபத்தஞ்சு வயசு, பங்க் பேண்டு பாடகன், எல்லாம் தெரியும்ங்கற நெனப்பு. ஆஸ்ட்ரான்னு ஒரு சின்னப்புள்ளைய காப்பாத்தறேன்னு ஒரு பெரிய பேய கூப்புடறான், அதோட உண்மையான பேரு கூட தெரியாம. பேயி புள்ளைய இழுத்துட்டு போயிருது, இவன் கைய விடாம புடிச்சு இழுக்கறான், கடைசில கையில மிஞ்சுனது அந்த கை மட்டும்தான். அப்பறம் மனநல ஆஸ்பத்திரி. இத படிச்சதுக்கப்பறமும் இவன் போட்டோவ மொபைல் வால்பேப்பரா வச்சிருந்தவன்தான் நானும், பெருசா நியாயம் பேச வரல.

எனக்கு இவன் மேல இருக்கறது பாசமா கோவமான்னு இன்னிக்கும் புரியல. சொந்தத்துல ஒரு சித்தப்பா இருப்பாரு பாருங்க, வந்தா வீடே கலகலன்னு இருக்கும், போனப்பறம்தான் பீரோல காசு காணாமப்போனது தெரியும், அந்த மாதிரி. ஆனா அந்த ரெண்டும் சேந்து இருந்ததாலதான் 300 இதழும் படிச்சேன். அதுல எனக்கு முக்கியமா பட்டது ஒரு விஷயம், உங்க மத்த ஹீரோக்களுக்கு இல்லாத விஷயம்: இவனுக்கு வயசாச்சு. 1953 மே 10 பொறந்த நாளு, 1993ல வந்த 63வது இதழ்ல நாப்பது, 300வது இதழ் வர்றப்ப அறுபத நெருங்கியாச்சு. அவன் நாடும் கூடவே நகந்துச்சு. 3வது இதழ்லயே 1987 தேர்தல் ராத்திரி, பிரிட்டன் பிரதமர் தாட்சர் மறுபடி ஜெயிக்கறாங்க, லண்டன்ல கோட்டு சூட்டு போட்ட பேய்ங்க ஷேர் மார்க்கெட் மாதிரி ஆத்மா வியாபாரம் பண்ணுதுங்க. அந்த வருஷமும் அந்த ஊரும் இல்லாம அந்த கதையே இல்ல. வயசு ஏறஏற பின்னாடி நிக்கற செத்தவங்க கூட்டமும் ஏறும், அவங்களுக்கு மட்டும் வயசாகாது.

2013 பிப்ரவரில நீங்க அந்த தொடர முடிச்சீங்க. முடிச்சது கூட பரவால்ல, எதுக்கும் ஒரு முடிவு வேணும். ஆனா 2011லயே வயசு கொறஞ்ச ஒரு புது கான்ஸ்டன்டைன எறக்கி, சூப்பர்ஹீரோ கும்பலோட நிக்க வச்சு, பழசு முடிஞ்ச அடுத்த மாசமே அவனுக்குன்னு தனி தொடர் குடுத்து, கையிலேர்ந்து மந்திர வெளிச்சம் பீச்சியடிக்க விட்டீங்க பாருங்க, அதத்தான் என்னால ஜீரணிக்க முடியல. வெளிச்சம் அடிக்கத் தெரிஞ்சவன் எதுக்குங்க ஃபிரெண்ட பலி குடுக்கணும்? வாய்ப்பேச்சும் பொய்யும்தான் அவனோட ஆயுதம், அதுக்கு வெல குடுக்கறது எப்பவும் வேற யாரோ.

சினிமாவ நான் திட்டமாட்டேன். 2005ல கியானு ரீவ்ஸ் கருப்பு முடியோட லாஸ் ஏஞ்சலஸ்ல சுத்துனாரு, அது வேற ஆளுன்னு நெனச்சுட்டு பாத்தா நல்ல படம். 2014 டிவி சீரியல்ல மேட் ரையன் அச்சு அசல் நம்மாளு, பதிமூணு எபிசோடோட இழுத்து மூடிட்டாங்க, அது சேனல்காரங்க பாடு. ஆனா அதுலயும் கேரி கதைய எடுத்தப்ப, கேரி விஷயம் தெரிஞ்சு தானே சம்மதிக்கற மாதிரி மாத்துனாங்க. பாத்து அழுதேன், ஒத்துக்கறேன். அழுது முடிச்சப்பறம்தான் ஒறச்சுது, இப்ப கான்ஸ்டன்டைன மன்னிக்கறது ரொம்ப சுலபமாயிடுச்சேன்னு. எனக்கு அந்த சுலபம் வேணாம்.

நல்லதும் செஞ்சீங்க, இல்லன்னு சொல்லல. 2019ல சைமன் ஸ்பரியர் எழுத்தும் ஆரன் கேம்ப்பெல் படமுமா ஹெல்பிளேசர மறுபடி ஆரம்பிச்சீங்க, மறுபடி லண்டன், மறுபடி அழுக்கு, மறுபடி அரசியல். கடைசில வில்லன் யாருன்னு பாத்தா வயசான கான்ஸ்டன்டைனே (படிக்காதவங்க மன்னிக்கணும், சொல்லாம இருக்க முடியல). ரொம்ப வருஷம் கழிச்சு யாரோ என் மனச படிச்சு எழுதுன மாதிரி இருந்துச்சு, பன்னண்டாவது இதழோட நிறுத்திட்டீங்க. 2024ல அதே கூட்டணிய அமெரிக்காவுக்கு அனுப்பி தொடர விட்டதுக்கு நன்றி, ஆனா அந்த ஆளு லண்டன் மழையில நனஞ்சாதான் எனக்கு நெறவா இருக்கும்.

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். 1953ல பொறந்தவனுக்கு எழுபது தாண்டியாச்சு. அந்த வயசுலயே ஒரு கதை போடுங்க. மாடிப்படி ஏறறதுக்குள்ள மூணு தடவ நிக்கணும், இருமணும், கண்ணாடி இல்லாம மந்திர புஸ்தகத்துல எழுத்து தெரியக்கூடாது, சாத்தானுக்கே இவன பாத்து சிரிப்பு வரணும். அப்பவும் வாயி மட்டும் கொறையக்கூடாது. ஒவ்வொரு படியிலயும் கேரி அதே பழைய வயசுல நிக்கணும், எதுவும் பேசாம, கான்ஸ்டன்டைன் மூச்சு வாங்கிட்டு தீப்பெட்டி இருக்கான்னு அவன்கிட்டயே கேக்கணும்.

காசு குடுத்தே வாங்கிக்கறேன்.

இப்படிக்கு,
இப்ப நாப்பதுக்கு ஒரு வருஷம் கொறச்சலா இருக்கற ஒரு வாசகன்