விசில் சத்தம் குறைந்தால் ஆர்வம் போய்விட்டதாகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலூரில் பல வருடங்களாகக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்து வரும் மூத்த பயிற்சியாளர் ஒருவரைப் பற்றி வாசகர் ஒருவர் உங்கள் பத்திரிகைக்கு எழுதியிருந்தார். சாருக்கு முன்பு இருந்த வேகம் இல்லை, ஆட்டத்தின் மேல் இருந்த பிடிப்பு விட்டுப்போய்விட்டது, இளையவர்களுக்கு வழிவிடலாம் என்பது அவர் கருத்து. பெயர் போடாமல்தான் எழுதியிருந்தார். ஆனால் இந்த ஊரில் பந்து தொட்டவர்களுக்கு யாரைச் சொல்கிறார் என்று தெரியாமல் போகாது. நான் அவரிடம் ஆடக் கற்றவள். இப்போது என் மகள் அவரிடம் போகிறாள். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை.

சார் இப்போதெல்லாம் கத்துவதில்லை என்பது முதல் குற்றச்சாட்டு. உண்மைதான். நாங்கள் ஆடிய காலத்தில் அவர் குரல் மைதானத்துக்கு வெளியே டீக்கடை வரைக்கும் கேட்கும். இப்போது கோர்ட் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அறுபதைத் தாண்டிய மனிதர். நம் ஊர் வெயிலில், சிமெண்ட் தரையில், காலையும் மாலையும் நின்றே தேய்ந்த முட்டி அது. உட்கார்ந்தால் என்ன?

உட்கார்ந்துகொண்டு என்ன செய்கிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். சமீபத்தில் ஒரு மாலை, ஏழாவது படிக்கும் ஒரு பெண் ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று ரிங்குக்குள் பந்து போடுவதை, பழகிக்கொண்டிருந்தாள். பந்து ரிங்கைத் தொடக்கூட இல்லை, ஒவ்வொரு முறையும் இடது பக்கமாகவே போனது. சார் எழுந்து போனார். ஒன்றும் சொல்லவில்லை. தன் செருப்பு நுனியால் அவளுடைய வலது பாதத்தை லேசாக முன்னால் தள்ளினார். வெளியே விலகியிருந்த முழங்கையை இரண்டு விரலால் பிடித்துப் பந்துக்குக் கீழே கொண்டுவந்தார். "இன்னா அவசரம் பாப்பா, ரிங் எங்கயும் ஓடிப் போவாது" என்றார். அவள் போட்டாள். பந்து உள்ளே போனதா இல்லையா என்று அவர் பார்க்கவே இல்லை. அவள் மணிக்கட்டு கடைசியில் மடிந்ததா என்று மட்டும் பார்த்தார். மடியவில்லை. மறுபடியும் போடச் சொன்னார். இருட்டி லைட் போடும் வரை இது நடந்தது. பிடிப்பு விட்டுப்போனவர் இப்படி ஒரு சின்னப் பெண்ணின் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பாரா?

இரண்டாவது குற்றச்சாட்டு, ஒரு போட்டியில் அணி பின்தங்கியபோது அவர் டைம் அவுட் (ஆட்டத்தைச் சற்று நிறுத்தி அணியோடு பேசும் இடைவேளை) கேட்கவில்லை, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார் என்பது. அந்த ஆட்டத்தில் நான் இருந்தேன். இரண்டாம் பாதிக்கு மூன்று டைம் அவுட் உண்டு, மூன்றும் அவர் கையில் இருந்தன. எதிரணி ஃபுல் கோர்ட் பிரஸ் போட்டு, மைதானம் முழுக்க நெருக்கித் தடுத்தபோது எங்கள் பிள்ளைகள் திணறினார்கள். அவர் பெஞ்சிலிருந்து, பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் பாயின்ட் கார்டைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். இரண்டு மூன்று முறை பந்தைப் பறிகொடுத்த பிறகு, அந்தப் பெண்ணே மற்றவர்களைக் கூப்பிட்டு, நடுவில் ஒருத்தியை நிறுத்தி பிரஸ்ஸை உடைத்தாள். ஆட்டம் தோற்றதுதான். ஆனால் கோர்ட்டுக்குள் யோசிக்கக் கற்றுக்கொண்ட ஒரு பிள்ளை கிடைத்தாள். வயதில் குறைந்த கோச்சாக இருந்திருந்தால், அந்த இடத்தில் டைம் அவுட் கேட்காமல் இருக்கும் தைரியம் வந்திருக்காது என்பது என் எண்ணம்.

உலகம் முழுக்க மூத்த பயிற்சியாளர்களைப் பற்றி இந்தக் கேள்வி வரத்தான் செய்கிறது. அமெரிக்காவின் தொழில்முறை கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணிக்கு 1996 முதல் பயிற்சியாளராக இருந்தவர் கிரெக் பாப்பவிச். ஐந்து முறை சாம்பியன் பட்டம் வாங்கிக்கொடுத்தவர். 2020இலிருந்து அவர் பொறுப்பை விடும் வரை அந்த அணி பிளே-ஆஃப் எனும் இறுதிக்கட்டச் சுற்றுக்குப் போகவில்லை. 2022-23 சீசனில் 82 ஆட்டங்களில் 22 வெற்றி, அடுத்த சீசனிலும் அதே 22. அவருக்கோ எழுபதுக்கு மேல். இன்னும் எதற்கு இருக்கிறார் என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் அவர் பத்தொன்பது, இருபது வயதுப் பையன்களுக்கு அடிப்படையிலிருந்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பட்டம் வாங்கிய வருடங்களைவிட, தோற்ற அந்த வருடங்களில் அவர் நின்றதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். 2024 நவம்பரில் பக்கவாதம் வந்தது. 2025 மே மாதம்தான் பயிற்சியாளர் பொறுப்பை விட்டார். அப்போதும் அணியை விட்டுப் போகாமல் நிர்வாகப் பொறுப்பில் தொடர்ந்தார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிக்கு மூன்று முறை தேசியப் பட்டம் வாங்கித் தந்த ராய் வில்லியம்ஸ், 2021 ஏப்ரலில் எழுபதாவது வயதில் விலகினார். இந்த வேலைக்குச் சரியான ஆள் நான்தான் என்று இனி எனக்குத் தோன்றவில்லை என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். அதுவும் மரியாதைக்குரிய முடிவுதான். ஆனால் அதைச் சொன்னது அவர் வாய். கேலரியில் உட்கார்ந்திருந்த யாரும் அவருக்காகச் சொல்லவில்லை. எங்கள் சாருக்கும் அப்படி ஒரு நாள் வரலாம். வந்தால் அவர் சொல்லட்டும்.

அவர் களைத்திருக்கிறார் என்பதை நான் மறுக்கவில்லை. எதனால் என்பதில்தான் அந்த வாசகரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. ஒரு பிள்ளைக்கு ஃபுட்வொர்க் சரியாக வர நாலைந்து வருடம் ஆகிறது. ஆறாவதில் சேர்ந்த பிள்ளை நன்றாக ஆடத் தொடங்கும் நேரத்தில், "பத்தாவது வந்துடுச்சு சார், பரீட்சை முடியட்டும்" என்று பெற்றோர் நிறுத்திவிடுகிறோம். பரீட்சை முடிந்ததும் நீட் கோச்சிங். பந்து வீட்டில் பரணுக்குப் போய்விடும். ஒவ்வொரு வருடமும் தன் அணியில் பாதியை இப்படிப் பறிகொடுக்கிறார் அந்த மனிதர். அப்புறம் சேரும்போதே சர்டிபிகேட் எப்போது கிடைக்கும், விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு உதவுமா என்று கேட்கும் பெற்றோர்கள். கேட்பதில் தப்பில்லை, பிள்ளையின் எதிர்காலம் அது. ஆனால் ஓடிவந்து ரிங் பக்கத்தில் பந்து போடும் ஒரு லே-அப் கூடக் கற்காத முதல் வாரத்திலேயே கேட்டால் எப்படி?

2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததும் ஒரு விதத்தில் அவரைப் பாதித்தது. அதற்கு முன் ஆம்பூர் பையனும் அரக்கோணத்துப் பையனும் இதே மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். இப்போது ஆம்பூர் திருப்பத்தூரில், அரக்கோணம் ராணிப்பேட்டையில். நிர்வாகத்துக்கு நல்லதுதான். ஆனால் தான் வளர்த்த பையன்களே எதிரணி பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை அவர் பார்க்க வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றையும்விட அவரை அரிப்பது காகித வேலை. முதலமைச்சர் கோப்பை என்றால் ஆன்லைன் பதிவு, ஆதார் நகல், போனஃபைடு, வயதுச் சான்று, பஸ் ஏற்பாடு, சாப்பாடு, இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் "நாளைக்கு பிராக்டிஸ் உண்டா சார்" என்று இருபது பேர். போட்டி நெருங்கும் நாட்களில் அவர் முகம் வாடுவதற்கு இதுதான் காரணம். அதைப் பார்த்துவிட்டு ஆட்டத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டதாகச் சொல்வது அநியாயம்.

எனவே அவரை அனுப்புவது பற்றிப் பேசாமல், அவர் தோளில் இருப்பதை எப்படி இறக்குவது என்று பேசுவோம். படிவம், பதிவு, பயண ஏற்பாடு மூன்றையும் பெற்றோர்களில் நாலு பேர் எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறோம், நானும் ஒருத்தி. வாட்ஸ்அப் குழுவையும் நாங்களே பார்த்துக்கொள்வோம். சாரிடம் ஆடிய பழைய மாணவர்களில் முறையாகப் பயிற்சியாளர் படிப்பு முடித்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை உதவிப் பயிற்சியாளராகச் சேர்த்து, ஓட்டமும் டிரில்லும் அவர் பொறுப்பு, அடிப்படையும் ஆட்ட நுணுக்கமும் சார் பொறுப்பு என்று பிரித்துக்கொள்ளலாம். அந்த உதவியாளருக்கு மாதச் சம்பளம் கொடுக்க மாவட்ட விளையாட்டு அலுவலகம் ஒரு பங்கு ஏற்க முடியுமா என்று மனு கொடுக்கப்போகிறோம். முடியாது என்றால் பெற்றோர்களே சேர்ந்து கொடுப்போம். கடிதம் எழுதிய வாசகருக்கும் ஆட்டத்தில் அக்கறை இருப்பது தெரிகிறது. அவரும் அந்த மனுவில் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய மாணவி ஒருத்தி,
காட்பாடி.