இரண்டு தொகுதியில் ஒன்றாவது பெண்ணுக்குக் கொடுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் உள்ள எல்லாக் கட்சிகளின் மாவட்டச் செயலாளர்களுக்கும் வணக்கம்.

வேட்பாளர் யார் என்று சென்னையில் அறிவிக்கலாம். ஆனால் யார் நின்றால் சரிவரும் என்று முதலில் பெயர் போவது உங்களிடமிருந்துதான். அதனால் தலைவர்களை விட்டுவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். அடுத்த மக்களவைத் தேர்தலில் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டில் ஒரு தொகுதியையாவது ஒவ்வொரு கட்சியும் ஒரு பெண்ணுக்குக் கொடுக்க வேண்டும்.

இதை எழுத வைத்தது போன மாதம் எங்கள் பக்கம் நடந்த ஒரு பொதுக்கூட்டம். எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை. எல்லாருடைய கூட்டத்துக்கும் போய் நின்றிருக்கிறோம், எல்லாம் ஒரே மாதிரிதான்.

மதியம் இரண்டு மணிக்கே ஊருக்கு டெம்போ வந்துவிட்டது. மகளிர் குழுவிலிருந்து முப்பது பேர் ஏறினோம். இறங்கியதும் ஆளுக்கொரு ஆரத்தித் தட்டு. நாலு மணிக்குத் தலைவர் வந்துவிடுவார் என்றார்கள். அவர் வந்தபோது மணி எட்டரை. அதுவரை ரோட்டோரம் இரண்டு வரிசையாக நின்றோம். தண்ணீர் பாக்கெட் கொடுத்தார்கள், வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டோமே தவிர யாரும் குடிக்கவில்லை. குடித்துவிட்டு எங்கே போவது? அவ்வளவு உயரத்துக்குக் கட்அவுட் வைத்தவர்கள், நாலு தகரத்தை நட்டு ஒரு மறைப்பு கட்டவில்லை.

என் பக்கத்தில் நின்ற அக்காவுக்கு அறுபது வயதுக்கு மேல். சர்க்கரை வேறு. ஆறரை மணி இருக்கும், முடியவில்லை என்று என் கையைப் பிடித்தார். புளியமரத்துக்குப் பின்னால் கூட்டிப்போய், மூன்று பேர் முதுகைக் காட்டிச் சேலைத் தலைப்பை விரித்துப் பிடித்து நின்றோம். ரோட்டில் திரும்புகிற ஒவ்வொரு வண்டியின் வெளிச்சமும் எங்கள் மேல் விழுந்துவிட்டுப் போனது. அந்த அக்கா எழுந்து வந்தபோது யார் முகத்தையும் பார்க்கவில்லை. தட்டை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டு வரிசையில் போய் நின்றார்.

மேடையில் நாற்காலிகளை எண்ணினேன். இருபத்து மூன்று. அதில் ஒரு பெண். அவரும் சால்வை போட்டுவிட்டுக் கீழே இறங்கிவிட்டார். அப்புறம் தலைவர் 'தாய்மார்களே' என்று பேச ஆரம்பித்தார். அந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்த இடத்தில் ஒரே ஒரு பெண் உட்கார்ந்திருந்தால், பந்தலுக்கு முன்னால் கழிப்பறையைத்தான் கேட்டிருப்பார்.

நாடாளுமன்றத்திலும் இதேதான் நடக்கிறது என்பது என் எண்ணம். 2024இல் 543 பேரில் 74 பேர்தான் பெண்கள். 2019இல் 78 பேர் இருந்தார்கள், அதுவும் குறைந்துவிட்டது. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் ஐந்து பேர். நம் தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் இன்றுவரை ஒரு பெண்கூட மக்களவைக்குப் போனதில்லை. 2024இல் 81 விழுக்காட்டுக்கு மேல் ஓட்டுப் போட்டு மாநிலத்திலேயே முதலாவதாக வந்த தொகுதி தருமபுரி. பூத்தில் வரிசையில் நின்றவர்களில் நாங்களும் இருந்தோம்.

பெண்களுக்கு 33 விழுக்காடு இடம் தரும் சட்டம் வந்துவிட்டதே என்பீர்கள். 2023 செப்டம்பரில் நிறைவேறியபோது நாங்களும் குழுவில் சந்தோஷப்பட்டோம். அந்தச் சட்டத்திலேயே, மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகுதான் நடைமுறைக்கு வரும் என்று எழுதியிருந்தார்கள். முதல் மசோதா வந்த வருடம் 1996. அப்போது பிறந்த பெண்ணுக்கு இன்று பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஒரு கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கச் சட்டம் எதற்கு? நீங்கள் நினைத்தால் போதும்.

பெண் நின்றால் ஓட்டு விழாது என்ற பேச்சையும் விட்டுவிடுங்கள். 2024இல் தருமபுரியில் சௌமியா அன்புமணி நின்றார். நான்கு லட்சத்துக்கும் மேல் ஓட்டு வாங்கி, ஏறக்குறைய 21 ஆயிரம் ஓட்டில்தான் தோற்றார். அவர் ஒரு கட்சித் தலைவர் வீட்டிலிருந்து வந்தவர், சரி. வீட்டில் தலைவர் யாரும் இல்லாத பெண்ணுக்கு எப்போது கொடுப்பீர்கள்? ஒடிசாவில் 2019இல் பிஜு ஜனதா தளம் 21 மக்களவைத் தொகுதிகளில் ஏழு தொகுதிகளைப் பெண்களுக்குக் கொடுத்தது, ஐந்து பேர் ஜெயித்தார்கள். அஸ்கா தொகுதியில் அவர்கள் நிறுத்திய பிரமிளா பிசோய் நம்மைப் போல மகளிர் குழு நடத்தியவர். இரண்டு லட்சத்துக்கும் மேல் ஓட்டு வித்தியாசத்தில் டெல்லி போனார். தமிழ்நாட்டில் மகளிர் குழு என்ற ஒன்று 1989இல் முதலில் தொடங்கியதே நம் தருமபுரியில்தான். இத்தனை வருடத்தில் இங்கே ஒரு பிரமிளா பிசோய்கூடவா உங்கள் கண்ணில் படவில்லை?

பெண்களுக்குத் தைரியம் போதாது என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் என்னிடமே சொன்னார். அரூர் பக்கத்து மலைவாழ் மக்களின் ஊரான வாச்சாத்தியை அவர் மறந்திருக்க வேண்டும். 1992இல் அந்த ஊரின் 18 பெண்களுக்கு நடந்த பாலியல் கொடுமையைச் செய்தவர்கள் சீருடை போட்ட அரசு ஊழியர்கள். அவர்களுக்கு எதிரே கோர்ட்டில் நின்று அந்தப் பெண்கள் சாட்சி சொன்னார்கள். 2011இல் தண்டனை வாங்கிக் கொடுத்தார்கள். 2023இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்யும்வரை விடவில்லை. முப்பத்தொரு வருடம்.

நானே 2019 டிசம்பர் தேர்தலில் வார்டு உறுப்பினராக ஜெயித்தவள். 'வீட்டுக்காரரை வரச் சொல்லும்மா, அவரிடம் பேசிக்கிறோம்' என்பதைக் கேட்டுக் கேட்டுப் பழகினேன். ஒருநாள் அவரும் கூட வந்து, 'உறுப்பினர் அவங்கதான், அவங்ககிட்டயே பேசுங்க' என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றார். அதன் பிறகுதான் என் தெருவுக்குக் குழாய் வந்தது. 2025 ஜனவரியில் எங்கள் பதவிக்காலம் முடிந்தது. ஐந்து வருடம் பழகிய பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறோம். மறுபடி எங்களுக்கு நீங்கள் கொடுப்பது ஆரத்தித் தட்டுதான்.

பத்தாவது முடிக்கும் முன் பிள்ளைக்குக் கல்யாணம் பேசும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று திருட்டுத்தனமாகப் பார்த்துச் சொல்லும் ஆட்கள் நம் மாவட்டத்தில் திரும்பத் திரும்பப் பிடிபடுகிறார்கள். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் அம்மாக்கள் பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போகிறார்கள். எந்த மேடையிலாவது இதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசியிருக்கிறீர்களா? எங்களுக்கு என்ன கொடுத்தீர்கள், என்ன கொடுக்கப் போகிறீர்கள் என்றுதான் பேசுகிறீர்கள். மாதாமாதம் வரும் மகளிர் உரிமைத் தொகை உதவியாக இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். அதை வாங்குகிறவர்களுக்கு வேறு எதுவும் கேட்கத் தெரியாது என்று நினைப்பதுதான் வலிக்கிறது.

கோபத்தில் அதிகம் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து கேட்கிறேன், இரண்டு தொகுதியில் ஒன்றாவது. தோற்கும் என்று தெரிந்த தொகுதியாக இல்லாமல், நீங்கள் மனசு வைத்து வேலை செய்யும் தொகுதியாக இருக்கட்டும். பெயர் தெரியவில்லை என்றால் எங்கள் குழுவுக்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மாரியம்மன் கோயில் திண்ணையில் உட்காருவோம். அந்த அக்காவும் வருவார்.

இப்படிக்கு,
முன்னாள் வார்டு உறுப்பினர் ஒருவர்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.