வீணை ஏந்தியது கோழைத்தனம் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் வெளிவந்த மைசூர் தசரா பற்றிய கட்டுரையைப் படித்தேன். 1799க்குப் பிறகு தென்னாட்டு அரச குடும்பங்கள் வீரத்தை மறந்து ஆடல் பாடலில் மூழ்கிவிட்டன என்று கட்டுரையாளர் போகிற போக்கில் தீர்ப்பெழுதிவிட்டார். ராமநவமிக் காலத்தில் சாமராஜபேட்டைக் கோட்டை உயர்நிலைப்பள்ளி மைதானப் பந்தலில் கச்சேரி கேட்டே வளர்ந்த பெங்களூர்த் தமிழர்களில் நானும் ஒருவன் என்பதால், இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை.

அவர்கள் வீரத்தை மறக்கவில்லை. போரிடும் உரிமை அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் ஐந்து வயதுச் சிறுவனாக அரியணையில் அமர்த்தப்பட்ட மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் நாட்டுக்குக் காவல் கும்பினிப் படை, அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை. அதற்குரிய செலவு மைசூர்க் கருவூலத்தின் தலையில். 1831இல் நிர்வாகமும் கைவிட்டுப் போயிற்று. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி அதே 1799இல் ஆட்சியைக் கும்பினியிடம் ஒப்படைத்துவிட்டு, கோட்டையும் அதன் சுற்றுப்புறமும் மட்டுமே தம்முடையவை என்ற நிலைக்கு வந்தார். 1801இல் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டதோடு, தென்பாளையங்களில் கோட்டைகள் இடிக்கப்பட்டு ஆயுதங்களும் பறிமுதல் செய்யப்பட்டன.

போர்க்களத்தைத் தவிர வேறெங்கும் பெருமை தேடி அறியாத மரபில் வந்தவர்களுக்கு இது எத்தகைய இழப்பு என்பதைப் புறநானூறு படித்தவர்கள் உணர்வார்கள். பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிக் காவலில் வைக்கப்பட்டிருக்கும் தொண்டைமானின் ஆயுதங்களைப் புகழ்வதுபோல் இகழ்ந்து, முனை முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கும் அதியமானின் வேல்களை உயர்த்திப் பாடியவர் ஔவையார். நோயில் இறந்த மன்னர்களைத் தருப்பைப் புல்லில் கிடத்தி வாளால் கீறி அடக்கம் செய்த வழக்கத்தையும் அவரே பாடியிருக்கிறார். அந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால், ஆயுதபூசையன்று மைசூர் அரண்மனையில் பூச்சூடி நிற்கும் பட்டாக்கத்தி தோல்வியின் அடையாளமாகவே தெரியும். ஆனால் அங்கே நடந்தது வேறு. வாளின் கூர்மையும் போட்டியின் வேகமும் அழியவில்லை. அவை சடங்காகவும் கலையாகவும் உருமாறின. விஜயதசமியன்று ஜெட்டி எனப்படும் மல்லர்கள் வஜ்ரமுஷ்டி என்ற கூர்முனை விரற்கருவியை அணிந்து மோதும்போது, ஒருவர் தலையில் இரத்தம் துளிர்த்ததுமே ஆட்டம் நிறுத்தப்படும். ஒரு போரின் ஆவேசம் முழுவதையும் அந்த ஒரு துளி இரத்தத்துக்குள் அடக்கிக் காட்டும் நாகரிகம் அது.

நிர்வாகம் போன பின்னும் அரியணையில் இருந்த கிருஷ்ணராஜர், சதுரங்கப் பலகையில் குதிரை எந்தக் கட்டத்தையும் இருமுறை மிதிக்காமல் 64 கட்டங்களையும் சுற்றிவரும் வழிகளைக் கணக்கிட்டு வகுத்தார். தெய்வ வடிவங்களைப் படங்களுடன் விவரிக்கும் ஸ்ரீதத்துவநிதி என்ற நூல் அவர் ஆதரவில் உருவானது. சரபோஜியோ, ஒப்பந்தம் கையெழுத்தாகி நான்கே ஆண்டுகளில், 1803இல், தம் முன்னோரின் வரலாற்றைத் தஞ்சைப் பெரியகோயில் சுவரில் மராத்தியில் நீளக் கல்வெட்டாகப் பொறித்தார். இனி எழுதப் புதிய போர்கள் வரப்போவதில்லை என்று தெரிந்த ஒருவர்தான் பழைய போர்களை அவ்வளவு அக்கறையோடு கல்லில் ஏற்றுவார் என்று எனக்குத் தோன்றுகிறது. சரஸ்வதி மகாலின் ஏடுகளைச் சேர்த்ததும், கண்நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்புகளை நோயுற்ற கண்ணின் ஓவியத்தோடு பதிவுசெய்ய வைத்ததும் இதே மன்னர். இதை மூழ்கிப்போன வாழ்க்கை என்று எப்படிச் சொல்வது?

எல்லைக்காக மோதிய அரசவைகள் இப்போது கலைஞர்களுக்காகப் போட்டியிட்டன. தஞ்சை நால்வர் எனப்பட்ட நாட்டிய ஆசான்களான சகோதரர்களில் சின்னையா மைசூருக்கும் வடிவேலு திருவிதாங்கூருக்கும் போனார்கள். முத்துசுவாமி தீட்சிதரின் கடைசிக் காலம் எட்டயபுரத்தில் கழிந்தது. ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் மைசூர் ஆஸ்தான வித்வானாகி, சாமுண்டேசுவரி மீது கிருதிகள் பாடினார். கடைசி மகாராஜா ஜயசாமராஜ உடையாரே 94 கிருதிகள் இயற்றிய வாக்கேயக்காரர், அதாவது பாட்டும் இசையும் தாமே அமைத்தவர். தமிழகத்திலும் இதே கதைதான். மருதிருவர் தூக்கிலிடப்பட்டு நூறாண்டு கழிந்த 1901இல், மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் ராமநாதபுரம் சேதுபதி மன்னர் மரபோடு உறவுடைய பாலவநத்தம் ஜமீன்தார். வளரி என்ற வளைந்த ஆயுதத்தை எறிந்த மறவர் குலத்தில் வந்தவர் ஏட்டுச்சுவடிகளைத் தேடி அச்சேற்றுவதையே தம் கடமையாகக் கொண்டார்.

கட்டுரையாளர் வருந்தியிருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அதை அவர் தொடவேயில்லை. அரண்மனைக்காரர்களுக்கு வீணையும் ஏடும் புதிய மதிப்பைத் தந்தன. அவர்களுக்காக வேலேந்திய படைவீரர்களுக்கும் ஊர்க்காவல்காரர்களுக்கும் அப்படி எதுவும் கிடைக்கவில்லை. காவல் உரிமை பறிபோன கள்ளர், மறவர் குடிகளில் பலர் பின்னாளில் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டு, காவல் நிலையத்தில் கைரேகை வைக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டார்கள். அரசவை தந்த கச்சேரிச் சன்மானமும் குடியானவன் கட்டிய வரியிலிருந்து வந்ததுதான். அந்தக் கலைகளை உயிரென நேசிக்கும் நான் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டியவனாகிறேன்.

அரண்மனைச் சேவகத்திலிருந்து விடுவிக்கப்பட்ட அந்தப் படைவீரர் குடும்பங்கள், மைசூரிலும் சரி, தமிழ்நாட்டிலும் சரி, பிறகு எப்படிப் பிழைத்தன என்பதைப் பற்றித் தாங்கள் ஒரு தொடர் வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
அல்சூர், பெங்களூரு.